அளவு ஜாக்கெட்

என் மகள் மேல்படிப்புக்காக டெல்லிக்குப் போன வருடம், நவம்பர் மாத இரவொன்றில் போன் செய்தாள். "அம்மா, நல்ல ஜாக்கெட் ஒண்ணு வாங்கணும். பணம் அனுப்பு." பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "போகும்போதுதான நாலு ஜாக்கெட் தச்சுக் குடுத்து விட்டேன். அதுக்குள்ள என்னடி ஆச்சு?" என்றாள். பேத்தி கேட்டது குளிருக்குப் போடும் ஜிப் வைத்த கோட்டு. பாட்டி கொடுத்துவிட்டது சேலைக்குள் போடும் ரவிக்கை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் ஐந்து நிமிடம் சண்டை போட்டார்கள். பிறகு மூவரும் சிரித்தோம்.

எங்கள் வீட்டில் இதற்கு முந்தைய தலைமுறையில் இந்தச் சண்டை வந்திருக்காது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்து முடித்த என் அப்பத்தாவுக்கு ஜாக்கெட் என்ற சொல்லும் கிடையாது, ஜாக்கெட்டும் கிடையாது. பின்கொசுவம் வைத்த கண்டாங்கிச் சேலை, இடுப்பில் செருகிய சுருக்குப்பை, தோளைத் தொடும் காதில் தண்டட்டி. அவ்வளவுதான் அவள். அந்தத் தோளைப் பற்றி நான் பல வருடம் ஒரு கதை சொல்லி வந்தேன். அது பாதிக் கதை என்பதை என் மாணவி ஒருத்திதான் எனக்குக் காட்டினாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் சொல்லின் கதையைப் பார்த்துவிடுவோம்.

ஜாக்கெட் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரான்சில் 'ழாக்' என்பது நம் ஊர் முனியாண்டி, கருப்பையா போல எங்கும் கேட்கிற ஆண் பெயர். நாட்டுப்புற விவசாயியைக் கேலியாகக் குறிக்கவும் அந்தப் பெயரையே பயன்படுத்தினார்கள். 1358இல் அங்கே நிலப்பிரபுக்களுக்கு எதிராக விவசாயிகள் கிளர்ந்தபோது, அந்தக் கிளர்ச்சிக்கே 'ழாக்கெரி' என்ற பெயர் வந்தது. அந்த எளிய மனிதர்கள் போட்ட குட்டை மேல்சட்டைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. பதினைந்தாம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு அது தன் ஏழ்மையை உதறி மேலே ஏறியது. இன்று ஆங்கிலத்தில் கனவானின் கோட்டும் ஜாக்கெட், புத்தகத்தின் மேலுறையும் ஜாக்கெட், தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலும் ஜாக்கெட். எதன்மேலாவது போர்த்தியிருப்பது என்பதே இவற்றுக்கெல்லாம் பொது.

நாம் நாகரிகமாகச் சொல்வதாக நினைக்கும் பிளவுஸும் பிரான்சில் தொழிலாளிகள் போட்ட தொளதொள மேலங்கியின் பெயர்தான். ஆக, உழைக்கும் ஆண்களின் தளர்வான உடுப்புக்கு இருந்த இரண்டு பெயர்களும் கடல் தாண்டி வந்து, பெண்ணின் மார்பை இறுக்கிப் பிடிக்கும் துணிக்கு நம் ஊரில் பெயராகிவிட்டன. ஆனால் இது வெறும் தற்செயல் அல்ல. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உழைக்கும் பெண்கள் பாவாடைக்கு மேல் போட்ட குட்டை மேலாடையையும் ஜாக்கெட் என்றுதான் சொன்னார்கள். நம் பெண்களைப் பார்த்த வெள்ளைக்காரர்களின் வாயில் அந்தச் சொல் எளிதாக வந்திருக்கும்.

அதற்கு முன் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. இலக்கியத்தில் 'கச்சு' இருக்கிறது. முல்லைப்பாட்டில் 'மெய்ப்பை' என்ற அழகான சொல் வருகிறது. ஆனால் அதைப் போட்டிருப்பவர்கள் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள். உடம்பைப் பைக்குள் போடுவது அன்று அந்நியர் வழக்கம், பார்த்தால் பயம் வரும் தோற்றம். ரவிக்கை என்ற சொல் தெலுங்கோடும் கன்னடத்தோடும் நமக்குப் பொது. அங்கே 'ரவிகெ', 'ரவிக' என்பார்கள். எங்கள் பக்கக் கிராமங்களில் வயதான பெண்கள் இன்றும் 'சட்டை' என்றோ 'ரவுக்கை' என்றோதான் சொல்கிறார்கள். ஜாக்கெட் டவுனில் இருந்து வந்த சொல்.

இனி அப்பத்தாவுக்கு வருகிறேன்.

நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். தோள்சீலைப் போராட்டம் பாடத்தில் வரும்போதெல்லாம் என் அப்பத்தாவையும் வகுப்புக்குள் கூட்டி வந்துவிடுவேன். அப்பாவுக்கு அரசு வேலை கிடைத்து மதுரையில் வீடு எடுத்த பிறகு, அப்பத்தா எப்போதாவது வந்து தங்குவாள். அவள் வந்தால் அம்மாவுக்குச் சங்கடம். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? என் அத்தை கல்யாணத்தில் போட்டோ பிடிக்கும்போது அப்பா பிடிவாதமாக ஒரு ஜாக்கெட்டைப் போட வைத்தார். அப்பத்தா அந்தப் படத்தில் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிடித்துவைத்த கோழி மாதிரி நிற்கிறாள். போட்டோக்காரர் போன மறுநிமிடம் கழற்றி எறிந்துவிட்டாள். "அக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. இத்தன வருசம் இந்தத் தோளு வெயிலப் பாத்துருச்சு. இனிமே என்னத்த ஒளிச்சு வைக்க?" என்றாளாம்.

இந்தக் கதையை நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா? பெண்ணின் உடலை வெட்கத்துக்குரியதாக ஆக்கியது பின்னால் வந்த நடுத்தர வர்க்க நாகரிகம் என்பதற்குச் சான்றாகச் சொல்வேன். அது பொய் இல்லை. 1860களில் வங்காளத்தில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, கணவர் சத்யேந்திரநாத் தாகூரோடு பம்பாய்ப் பக்கம் வாழ்ந்து திரும்பியபோது, சேலைக்குள் பிளவுஸும் பாவாடையும் சேர்த்து உடுத்தும் முறையைப் பிரபலப்படுத்தினார். சத்யேந்திரநாத் இந்தியர்களில் முதல் ஐ.சி.எஸ். அதிகாரி. வெள்ளைக்காரர்கள் கூடும் இடத்துக்கு மனைவியை அழைத்துப் போகவேண்டிய நிலை அவருக்கு. வீட்டுக்குள்ளிருந்து பெண் வெளியே வர அந்த உடை ஒரு வாசலைத் திறந்தது. அதே உடை பிறகு 'குடும்பப் பெண்' என்பதற்கு அடையாளமாகிவிட்டது. போடாத பெண் நாகரிகம் இல்லாதவள் ஆனாள்.

இதை வகுப்பில் சொல்லி முடித்த ஒருநாள், கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் மணி அடித்த பிறகும் நின்றாள். சிவகங்கைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மிஸ், எங்க அம்மாச்சியும் சின்ன வயசுல ரவுக்கை போட்டதில்லயாம். போட்டுக்கிட்டு ஊர்த் தெருவுக்குள்ள வரக்கூடாதாம். உங்க அப்பத்தாவப் போடுன்னு சொன்னாங்க. எங்க அம்மாச்சியக் கழட்டுன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணா மிஸ்?"

நான் பதில் சொல்லவில்லை. 'நல்ல கேள்வி' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்குப் பிறகுதான், பல வருடங்களாக நான் நடத்திவந்த பாடத்தையே மறுபடியும் படித்தேன். இந்த முறை ஜாக்கெட் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்துப் படித்தேன்.

தோள்சீலைப் போராட்டத்தை நாம் சுருக்கமாக 'மார்பை மறைக்கும் உரிமைக்கான போராட்டம்' என்று சொல்லிவிடுகிறோம். கவனித்துப் பார்த்தால் அது அப்படி மட்டும் இல்லை. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் பகுதி 1956 வரை நம்மோடு இல்லை. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. அங்கே நாடார் பெண்களும், அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட மற்றப் பெண்களும் மேலுடலை மறைக்கக்கூடாது என்பது சாதி விதி. 1810களில் அங்கே ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். ஆனால் எதைக் கொண்டு மறைப்பது? சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் போடும் 'குப்பாயம்' என்ற சட்டையைப் போடலாம். உயர்சாதிப் பெண்கள் தோளில் போடும் மேல்துணியைப் போடக்கூடாது. மிஷன் வீட்டுப் பெண்கள் அதற்கேற்பத் தொளதொளவென்று, குட்டைக் கை வைத்த ஒரு ஜாக்கெட்டை உருவாக்கித் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

பெண்கள் ஜாக்கெட்டைப் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அதற்கு மேல் தோள்சீலையையும் போட்டார்கள். 1822, 1823இல் சந்தைகளிலும் தெருக்களிலும் அந்தச் சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829இல் அரசு பிரகடனம் வெளியிட்டது: ஜாக்கெட் போடலாம், தோள்சீலை கூடாது. பெண்கள் கேட்கவில்லை. 1858இன் இறுதியில் தொடங்கிய கலவரம் அடுத்த ஆண்டுக்கும் நீண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ஜாக்கெட் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது.

இதைப் படித்துவிட்டு அந்த மாணவியின் கேள்வியை நினைத்துப் பார்த்தேன். அரசுக்கும் ஆதிக்கச் சாதிகளுக்கும் மார்பு பிரச்சினையே இல்லை. மறைத்துக்கொள், ஆனால் யார் என்பது தூரத்திலிருந்தே தெரியும்படி மறைத்துக்கொள் என்பதுதான் பிரகடனம். ஜாக்கெட் அங்கே உரிமையாக வரவில்லை, சமரசமாக வந்தது. 'இவ்வளவு போதும் உனக்கு' என்று கொடுத்த துணி அது. அதைப் போட்டவள் தலைமுறைக்கும் தன் இடத்தைத் தன் தோளில் சுமந்தாள். அந்தப் பெண்கள் கேட்டது ஒரு முழத் துணியை அல்ல, அடையாளம் போடாமல் தெருவில் நடக்கும் சுதந்திரத்தை.

நம் பிள்ளைகள் இதைப் படிப்பது எளிதாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் இந்தப் போராட்டம் இருந்தது. 2016இல் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019இல் அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. துணியைப் பிடித்து இழுத்த மாதிரி பக்கத்தையும் பிடித்து இழுக்க முடியும்.

கன்னியாகுமரி தூரம் என்று நாம் ஆறுதல் அடையவும் வழியில்லை. மதுரைக்கு வருகிறேன்.

1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில், இன்று காதிக் கடை இருக்கும் வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரைவேட்டியோடு வெளியே வந்தார். ஏழை விவசாயி உடுத்துவதைத்தான் நானும் உடுத்துவேன் என்றார். உலகமே அறிந்த அந்த உருவம் எங்கள் ஊரில்தான் பிறந்தது. அவர் நின்று பேசிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சட்டையைக் கழற்ற முதலில் சட்டை இருக்கவேண்டும், போடுவதற்கு அனுமதியும் இருக்கவேண்டும்.

ஒன்பது வருடம் கழித்து, 1930 டிசம்பரில், மதுரையை ஒட்டிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் துணியாலோ ரவுக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் முழுதாகப் பணியவில்லை. அதனால் 1931 ஜூனில் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பட்டியலில் ரவுக்கை என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதைவிட நடுங்கியது அடுத்த சொல்லைப் பார்த்தபோது. தடை விதித்தவர்கள் என்று அந்தப் பதிவு சொல்வது கள்ளர்களை. நானும் அந்தச் சாதியில் பிறந்தவள்தான். என் அப்பத்தாவும்.

எங்கள் ஊர் வேறு, அந்த ஊர்கள் வேறு, பிரிவுகள் வேறு என்று நான் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்களும் அடிபட்டவர்கள்தான் என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் காட்டிக் கைரேகை வைக்கச் சொன்னபோது மறுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் அடுத்த பதினோரு வருடத்துக்குள் பக்கத்து மாவட்டத்தில் ஆதிதிராவிடப் பெண்ணின் ரவுக்கையைக் கழற்றச் சொன்ன கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. ஒடுக்கப்பட்ட நினைவு பத்திரமாக இருந்தது. ஒடுக்கிய நினைவு எங்கோ தொலைந்துவிட்டது.

அதனால்தான் நான் சொன்னது பாதிக் கதை. என் அப்பத்தாவின் வெற்றுத்தோள் அவளுக்கு வழக்கம், பிறகு அவளுடைய பிடிவாதம், என் கண்ணுக்கு அழகு. அவள் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தபோது யாரும் அவளை அடிக்கவில்லை, வீட்டை எரிக்கவில்லை, சிரித்துவிட்டுப் போனார்கள். என் மாணவியின் அம்மாச்சியின் வெற்றுத்தோள் உத்தரவு. இரண்டு தோளும் ஒரே வெயிலில் ஒரே மாதிரிக் கறுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 'நம் பாட்டிமார்கள் ரவிக்கை இல்லாமலே கம்பீரமாக வாழ்ந்தார்கள்' என்று எழுதும்போது நாம் அந்தத் தூரத்தில்தான் நிற்கிறோம். யாருடைய பாட்டி என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை இனி என்னால் எழுத முடியாது.

அப்பத்தாவுக்கும் இதில் முழுச் சுதந்திரம் இருந்தது என்றும் சொல்லமாட்டேன். அவள் தங்கை டவுனில் வாழ்க்கைப்பட்டு ஜாக்கெட் போடப் பழகியவள். கணவர் இறந்ததும் வெள்ளைச்சேலை கட்டி, ஜாக்கெட்டைக் கழற்ற வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பல சாதிகளில் விதவைக்கு ரவிக்கை கிடையாது. பிராமண வீடுகளிலும் அந்தக் காலத்தில் அதுவே வழக்கம். ஆக ஒரே வீட்டில் அக்காவைப் போடச் சொன்னார்கள், தங்கையைக் கழற்றச் சொன்னார்கள். போடு என்பதும் கழற்று என்பதும் எதிர்ச்சொற்கள் மாதிரித் தெரிகின்றன. சொல்லும் வாய் ஒன்றாகத்தான் இருந்தது.

இத்தனைக்குப் பிறகு எல்லாப் பெண்களும் ஜாக்கெட் போடும் காலம் வந்துவிட்டது. அந்த மாற்றத்தை எனக்குக் காட்டிய இடம் மதுரைப் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. நான் சிறுமியாக இருந்தபோதும் கல்லூரியில் படித்தபோதும் அதன் சிற்பத் தூண்களுக்கு நடுவில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடையும் அங்கேதான் தைப்பார்கள், நமக்கு ஜாக்கெட்டும் அங்கேதான். விளக்குத்தூண் பக்கம் மேட்சிங் துணி எடுத்து, அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். சில வருடங்களுக்கு முன் கடைகளை அங்கிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தூண்களில் ஒன்றில் தடாதகைப் பிராட்டி நிற்கிறாள். மலயத்துவச பாண்டியனின் மகள், மூன்று முலைகளோடு பிறந்து, பாண்டிய நாட்டை ஆண்டு, திக்விஜயம் போனவள். கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் மூன்றாவது முலை மறையும் என்பது கதை. அவளுக்குக் கீழே உட்கார்ந்து தையல்காரர் நாடாவை நீட்டி, "அளவு ஜாக்கெட் கொண்டுவந்தீங்களாம்மா?" என்று கேட்பார். பெண்ணின் உடம்பைத் தொடாமல் அளவெடுக்க நம் ஊர் கண்டுபிடித்த வழி அது. பழைய ஜாக்கெட் புதிய ஜாக்கெட்டுக்கு அளவு சொல்லும். உடம்பு பெருத்திருந்தாலும் இளைத்திருந்தாலும், பிள்ளை பெற்றிருந்தாலும், நேற்றைய அளவுதான். நாம் மாறியதைச் சொல்ல வெட்கப்பட்டு, இறுக்கத்தோடு போட்டுக்கொண்டு வருவோம்.

அந்த வெட்கத்தைக் கொஞ்சம் உடைத்தவர்கள் பெண் தையல்காரர்கள். இன்று எங்கள் தெருவிலேயே மூன்று பேர் வீட்டில் மெஷின் போட்டிருக்கிறார்கள். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. எந்த விதவையின் ஜாக்கெட்டைப் பிடுங்கினார்களோ, அதே விதவை ஊருக்கே ஜாக்கெட் தைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறாள். தைக்கிறவள் பெண் என்பதால் "கை தூக்குக்கா, இங்க கொஞ்சம் லூசு விடவா?" என்ற பேச்சு நடக்கிறது. உடம்பைப் பற்றி இரண்டு பெண்கள் கூச்சமில்லாமல் பேசும் இடமாகவும் அந்தத் திண்ணை இருக்கிறது.

வீட்டுக்கு வீடு சுற்றும் ஜாக்கெட் பிட்டை நீங்களும் அறிவீர்கள். தாம்பூலத்தோடு 80 செ.மீ. துணி. யாரும் தைப்பதில்லை, நவராத்திரிக்கு வந்தது பொங்கலுக்கு வேறு வீடு போகும். அதிலும் சுமங்கலிக்கு மட்டும்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கடைக்குப் போனால் பணம் வைக்க ஜாக்கெட்டில் பை கிடையாது. ஆங்கிலேயரின் ஜாக்கெட்டில் நாலு பை. நம் ஜாக்கெட்டில் ஒன்றும் இல்லாததால், காய்கறி விற்கும் பெண் மணிபர்ஸையே ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்கிறாள். அவள் சம்பாத்தியத்துக்கு அதைவிடப் பத்திரமான பெட்டி கிடையாது. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்றும் கல்லூரி வாசலில் துப்பட்டாவைச் சரிசெய் என்கிறார்கள். ஜாக்கெட்டின் முதுகு எத்தனை அங்குலம் இறங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் மாமாக்கள் விவாதிக்கிறார்கள். நாம் கோபப்படுகிறோம்; கோபப்படவேண்டும். ஆனால் 'என் உடை என் உரிமை' என்று எழுதும்போது, அந்த 'என்' யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. என்னிடம் உடையைக் குறைத்துக்கொள்ளாதே என்று சொன்ன அதே ஊர், இன்னொருத்தியிடம் உடையைக் கூட்டிக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசாதவரை, இருவருக்கும் உத்தரவு போட்டவன் நிம்மதியாக இருப்பான்.

அந்த மாணவி இப்போது ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. போன வருடம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவள் அம்மாச்சியின் படம் மாட்டியிருந்தது. அம்மாச்சி வயதான பிறகு எடுத்த படம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அடர்ந்த சிவப்பில் முழங்கை வரை நீண்ட ஜாக்கெட், கழுத்து வரை ஏறியிருக்கிறது. "நல்ல வெயில் காலம் மிஸ், கழட்டிட்டுக் காத்தாட இருங்கன்னு சொன்னாக்கூட கேக்காது. படுக்கும்போதும் போட்டுக்கிட்டுத்தான் படுக்கும்" என்றாள்.

எங்கள் வீட்டுப் படத்தில் அப்பத்தா ஜாக்கெட்டுக்குள் மூச்சுமுட்டி நிற்கிறாள். இந்தப் படத்தில் அம்மாச்சி ஜாக்கெட்டுக்குள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கவேண்டும் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன், நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.